சத்தம் போடாத லிஃப்டர்

என் மகள் விளையாடும் இடத்தில் அவளைக் கண்ணால் தேட வேண்டியதே இல்லை. ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் குரல் வந்துவிடும். செகந்திராபாத் சைனிக்புரியில் எங்கள் தெருவைத் தாண்டி ஒரு மண் கோர்ட் உண்டு, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் சேர்ந்து போட்டது. இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்த காலத்தில் அவள் மாலைப் பொழுதெல்லாம் அங்கேதான். பந்தை விடு என்பதை ஒருத்தியிடம் தெலுங்கில் 'வதுலு, வதுலு' என்று கத்துவாள். அடுத்தவளிடம் அதையே 'சோடோ' என்று இந்தியில் கத்துவாள். திட்டுவது மட்டும் ஆங்கிலத்தில். எதிர்வீட்டு சுபேதார் ஒருவர், பரேட் மைதானத்தில்கூட இவ்வளவு சத்தம் கேட்டதில்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவரிடம் அசடு வழிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து இவளைப் பிடித்துக்கொண்டேன். பெண்பிள்ளை இப்படியா தொண்டை கிழியக் கத்துவது என்று. இப்போது அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

வாலிபாலில் அவள் லிஃப்டர். வலைக்கு இந்தப் பக்கம் பந்தை மூன்று முறை தொடலாம் என்றால், நடுவில் தொடுவது அவள். முதல் ஆள் எடுத்துக் கொடுத்ததை வாங்கி, அடிக்கப் போகிறவளுக்கு எந்த உயரத்தில், எந்த இடத்தில் வேண்டுமோ அங்கே தூக்கிக் கொடுக்க வேண்டும். அடித்தவளுக்குக் கைதட்டல், தூக்கியவளைக் கேட்பாரில்லை. இது என்ன பிழைப்பு, நீ எப்போது அடிப்பாய் என்று கேட்டிருக்கிறேன். அடிக்கப் போகிறவளின் முகத்தைப் பார்த்தாலே அவளுக்கு எங்கே வேண்டும் என்று தனக்குத் தெரிந்துவிடும், அந்தச் சுகம் அடிப்பதில் இல்லை என்று இந்தியில் சொன்னாள். தமிழில் கேட்டால் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ இந்தியிலோதான் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக ஆற்காட்டுப் பக்கமிருந்து செகந்திராபாத் வந்த குடும்பம் எங்களுடையது. அதன் பிறகு யாரும் திரும்பிப் போகவில்லை. ஆனாலும் எந்த ஊர் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் வாய் ஆற்காடு என்றுதான் சொல்கிறது. ஆற்காட்டில் எங்களை ஒரு காக்கைக்குக்கூடத் தெரியாது.

ஜூனியர் பிரிவில் மாநில அணிக்கு ஆடிவிட்டு வந்த பிறகு கல்லூரிகளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒரு சீசன். ஒவ்வொரு கல்லூரியின் பி.டி. சாரும் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிடுவார். சீட் இலவசம், ஹாஸ்டல் இலவசம், சாப்பாடு, ஷூ எல்லாம் நாங்கள், பெண்ணை ஒரு தடவை ட்ரையல்ஸுக்கு அழைத்து வாருங்கள், இடத்தையும் பார்த்த மாதிரி இருக்கும் என்பார். மகள் குதித்தாள். அவளுடைய கணக்கு ஒன்றே ஒன்றுதான். ஆட வேண்டும். யூனிவர்சிட்டி டீமில் ஆட வேண்டும், அதற்கு மேலே போக வேண்டும். அதற்கு முதல் வருஷத்திலிருந்தே கோர்ட்டுக்குள் நிற்க வேண்டும். எங்கே போனால் அது நடக்கும் என்று பார்த்துச் சொல்ல அவளோடு போனவள் நான். ரயில்வேயில் வேலை பார்க்கும் என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை.

முதலில் போனது ஊருக்குள்ளேயே ஒரு பெண்கள் கல்லூரிக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே கோச்சாக இருந்த மேடம் நடுத்தர வயது, கழுத்தில் விசில், தலையில் தொப்பி. எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நான் வணக்கம் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு நேராக என் மகளிடம் போய்விட்டார். என்ன ஆட்டம் ஆடுவாய், யாருக்கு எப்படித் தூக்குவாய், எந்தப் பந்து உனக்கு வராது என்று தெலுங்கில் கேள்வி மேல் கேள்வி. இவளும் எதிர்க்கேள்வி போட்டாள். டீமில் இப்போது யார் லிஃப்டர், அவள் எந்த வருஷம் என்று. லிஃப்டரே இல்லை, அடிக்கிற ஸ்மேஷர் ஒருத்தியை நிற்க வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன், நீ வந்தால் முதல் மேட்சிலிருந்து நீதான் என்றார் மேடம். அரை மணி நேரம் ஆட விட்டார். இவள் கத்திய கத்தலில் மரத்திலிருந்த கிளிகள் பறந்தன. மேடமும் திருப்பிக் கத்தினார். எனக்கு ஒரு நாற்காலி போட அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவும் நாதியில்லை. ஹாஸ்டல் கிடையாது, தினம் பஸ்ஸில் வந்து போக வேண்டும். பாத்ரூமில் குழாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

குழாயைத் திறந்து பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால், பேச்சோடு பேச்சாக யாராவது ஒருத்தி பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வருவாள். அடுப்படி எப்படி இருக்கிறது, மாமியார் குரல் எப்படி, வந்தவர்களை உபசரிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பாள். எனக்கு அப்படித்தான் பார்த்தார்கள், என் அக்காளுக்கும் அப்படித்தான். பார்த்த வரையில் ஒன்றும் சோடை போகவில்லை. ஆகவே மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போன இடத்திலும் நான் அதையேதான் செய்தேன். வேறு எப்படிப் பார்ப்பது என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? திரும்பி வரும்போது ஆட்டோவில் மகள் அந்த மேடத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாள். நான் நாற்காலியைப் பற்றிப் பேசினேன்.

அடுத்தது சென்னை. பெயர் பெற்ற கல்லூரி. ரயிலிலிருந்து இறங்கியதுமே என் உடம்பு லேசாகிவிட்டது. போர்ட்டர் தமிழ் பேசுகிறான், ஆட்டோக்காரர் தமிழில் அதிகமாகக் கேட்கிறார், பஸ்ஸின் நெற்றியில் தமிழ். இதெல்லாம் புதுசா, நாலு கல்யாணத்துக்கு வந்த ஊர்தானே என்று கேட்டால் என்ன சொல்ல? கல்யாணத்துக்கு வந்தால் விருந்தாளி. இந்த முறை நம் பெண் இங்கேயே இருக்கப் போகிறாளோ என்ற நினைப்பு. அது ஆளைத் தூக்கியது.

கல்லூரி வாசலுக்கே பி.டி. சார் வந்து அழைத்துப் போனார். நாற்காலி போட்டு, மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, டபரா டம்ளரில் காபி வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கேட்டார்.

"ஐதராபாத்துல இருக்கீங்க சரி. பூர்வீகம் எதுங்க?"

ஆற்காடு என்றேன்.

"அட, நமக்கு வாலாஜாங்க. பாலாத்துக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் நீங்க. அப்ப நம்ம பொண்ணுன்னு சொல்லுங்க."

அதோடு நான் தீர்ந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பாலாற்றை நான் ரயில் ஜன்னலில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் மணலாக. அந்த மணலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஒரு மனிதர் சொன்னதும் என் பெண்ணையே அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இப்படி ஏமாற மாட்டார்கள். வாலாஜாக்காரனா, சரி, அதற்கென்ன என்று கேட்டிருப்பார்கள். ஊரை விட்டு மூன்று தலைமுறை ஆன எங்களைப் போன்றவர்களுக்குத்தான் பூர்வீகம் கேட்டால் புத்தி பேதலிக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. டீமில் ஏற்கெனவே இரண்டு லிஃப்டர்கள் இருக்கிறார்கள், முதல் வருஷம் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும், வாய்ப்பு தானாக வரும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். நிறைந்த வீடு என்று நினைத்துக்கொண்டேன் நான்.

ட்ரையல்ஸ் கூரை போட்ட உள்ளரங்கில். தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. கேலரியில் நானும் சாரும். அந்தப் பெண்கள் 'விடு விடு', 'தூக்குடி', 'என் பந்துடி' என்று சென்னைத் தமிழில் கத்திக்கொண்டு ஆடினார்கள். எனக்குக் காது குளிர்ந்தது. ஆரம்பத்தில் ஒரு பந்து இவளுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவில் வந்தது. பழக்கதோஷத்தில் இவள் 'வதுலு' என்று கத்தினாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள், பந்து நடுவில் சொத்தென்று விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, பிள்ளைகள் சிரிப்பு. கேலரியில் நானும் சிரித்தேன். என் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அதன் பிறகு கடைசிவரை அவள் வாயைத் திறக்கவில்லை. கை வேலை செய்தது, அழகாகவே செய்தது. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அரை நொடி தாமதித்தாள், தமிழில் என்ன சொல்வது என்று தேடினாளோ, தேடாமலே விட்டாளோ. இதெல்லாம் நான் பிற்பாடு கோர்த்துப் பார்த்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்திலிருந்து சார் சொன்ன வார்த்தைதான்.

"பொண்ணு ரொம்ப அமைதிங்க. நல்லா வளர்த்திருக்கீங்க."

பூரித்துப் போனேன். எதிர்வீட்டு சுபேதார் வரை புகார் சொன்ன பெண்ணை ஒருவர் அமைதி என்கிறார், இது நம் பெண்தானா என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். பெற்றவளுக்குப் பிள்ளையைப் புகழ்ந்தால் போதும், அறிவு அங்கேயே நின்றுவிடும். ஹாஸ்டலுக்குப் போனோம். குழாயில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன், எங்கள் வீட்டு ருசி. வார்டன் அம்மாள் என்னை அக்கா என்றாள்.

மாலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது கணவர் போன் செய்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: ஆட விடுவார்களாமா? நான் காபியிலிருந்து தொடங்கி வாலாஜா வழியாக சாம்பார் வரைக்கும் சொன்னேன். அவர், சரி, ஆட விடுவார்களாமா என்று திரும்பக் கேட்டார். கற்றுக்கொண்டால் விடுவார்கள், எல்லாவற்றுக்கும் அவசரமா என்று எரிந்து விழுந்து போனை வைத்தேன்.

மகள் எதிர் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, விரல்களில் சுற்றிய பிளாஸ்திரியை உரித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு என் தகப்பனார் கேட்ட அதே தொனி என் வாயில் வந்தது. கேள்வியிலேயே பதில் இருக்கும் தொனி. அன்றைக்கு நான், உங்கள் இஷ்டம் என்றேன். இவள் அப்படிச் சொல்லவில்லை. பிளாஸ்திரியை உருட்டிக்கொண்டே தெலுங்கில் என்னைக் கேட்டாள்.

"நீக்கு நச்சிந்தா மா?"

உனக்குப் பிடித்திருக்கிறதா அம்மா என்று. கேட்டதுதான் தாமதம். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். நம் பாஷை, நம் மனிதர்கள், நாலு வருஷம் முன்னால் தெரிந்திருந்தால் உன் அப்பாவுக்கே இங்கே மாற்றல் கேட்டிருக்கலாம், நீ இனி தமிழில் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வாய், என்னோடு தமிழில் பேசுவாய். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, நான் நிறுத்தவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் "ஹவ் மா, இதே ஓகே" என்றாள், ஆமாம் என்பதை எங்கள் ஊர் இந்தியில். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண்கள் கல்லூரி மேடத்துக்கு அவளே போன் செய்து வரவில்லை என்று சொன்னாள். அந்தப் போனைப் பேசும்போது மட்டும் மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்கே தாங்காது. முதல் வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டாம் வருஷம் ஈரோட்டுப் பக்கமிருந்து நல்ல உயரமாக ஒரு லிஃப்டர் வந்து சேர்ந்தாள், மறுபடி பெஞ்ச். சார் மோசமான மனிதரில்லை, தீபாவளிக்கு வீட்டுக்குப் போன் செய்து விசாரிப்பார். உங்கள் பெண் கை நன்றாகத்தான் இருக்கிறது, கோர்ட்டில் குரல் கொடுக்க மாட்டேன் என்கிறாள், லிஃப்டர் சத்தம் போடாவிட்டால் மற்றவர்கள் எப்படி ஆடுவது என்றார். அமைதி என்று புகழ்ந்தவரே அப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் வருஷம் அவள் டீமிலிருந்து தானே விலகிக்கொண்டாள். டிகிரி முடித்தாள், ஊர் திரும்பினாள், பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில் வேலை.

நான் ஆசைப்பட்டது நடந்தது. என் மகள் இப்போது சுத்தமாகத் தமிழ் பேசுகிறாள். வண்டியை எடுக்கும்போது 'வர்ட்டா' என்கிறாள், செய்தித்தாள் தலைப்பை எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறாள், என்னைவிட நன்றாக 'ழ' சொல்கிறாள். நான் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வருகிறது. ஒரு காலத்தில் இதற்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டவள் நான். ஹாலின் பின்சுவரில் அவள் பந்தைத் தட்டித் தட்டிப் பழகிய இடம் வட்டமாகக் கறுத்திருந்தது. போன வருஷம் வெள்ளையடிக்க ஆள் வந்தபோது அதை என்ன செய்வது என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள், அடிச்சிருங்க அண்ணா என்று அவளே தமிழில் சொல்லிவிட்டாள். பாவம் அவன் தெலுங்குக்காரன், என்னைப் பார்த்தான்.

இந்த வருஷம் என் தம்பி மகளுக்குக் கல்லூரிகளிலிருந்து போன் வர ஆரம்பித்திருக்கிறது. இவள் ஸ்மேஷர், எட்டிக் குதித்து அடிக்கிறவள். ஆடினவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்று தம்பி என் மகளைக் கூடப் போகச் சொன்னான். தம்பி கூப்பிடாமலே நானும் ஒட்டிக்கொண்டேன். தம்பி மகளுக்கு நான் என்றால் உயிர், அத்தை வந்தால்தான் போவேன் என்றாள்.

செகந்திராபாத்திலிருந்து அதிக தூரமில்லாத ஒரு கல்லூரி. கூரை போட்ட அரங்கு, நல்ல கேலரி. என் மகள் ஹாஸ்டலைப் பார்க்கவில்லை, சாப்பாட்டைக் கேட்கவில்லை. கோச்சிடம் இரண்டு கேள்வி கேட்டாள்: இவள் இடத்தில் இப்போது யார் ஆடுகிறார்கள், அவர்கள் எப்போது படிப்பை முடிக்கிறார்கள். பிறகு கேலரியின் மேல் வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். ஆட்டம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கமா என்று கேட்டேன். ஆட்டத்தைப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும், அவள் சத்தம் வருகிறதா என்று கேட்கிறேன் என்றாள்.

நானும் காதைக் கொடுத்துப் பார்த்தேன். மற்றவர்கள் குரல்தான் வந்தது. அதற்குள் கோச் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீங்கள் தமிழா, உங்கள் பக்கத்து ஆட்கள் எங்கள் காலனியில் நிறையப் பேர் உண்டு, தங்கமான மனிதர்கள் என்று தெலுங்கில் பேச்சைத் தொடங்கினார். என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். சிரித்தேன் என்றும் நினைக்கிறேன். கீழே தம்பி மகள் ஒவ்வொரு பந்து முடிந்ததும் கேலரியைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

கோச் எழுந்து போனதும் என் மகள் கண்ணைத் திறந்து, கீழேயும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை, கோபமும் இல்லை.

"அம்மா, நீ கொஞ்சம் வெளிய போய் இரு."

ஏன் என்றேன்.

"அவ உன் மொகத்தையே பாத்துட்டு இருக்காம்மா. அதப் பாத்து முடிவு பண்ணிடுவா."

நல்ல தமிழ். ஒரு பிசிறு இல்லை. அந்த ரயில் ஜன்னலும் விரலில் உருண்ட பிளாஸ்திரியும் என் கண் முன்னால் வந்து நின்றன. அன்றைக்கு எதிர் சீட்டிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்ன என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்தது. எனக்கு எந்த உயரத்தில் வேண்டுமோ அந்த உயரத்தில் தூக்கிக் கொடுத்திருக்கிறாள் பாவி. என்னடி இது, அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, ஸ்கூட்டர்கள் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தேன். கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து பந்துச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு தம்பி மகளின் குரல் வந்தது, முதலில் ஒன்றிரண்டாக, அப்புறம் விடாமல். நான் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.